5 ஆல்பம், 50,000 டாலர்: கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன லேபிள், அதாவது பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனம், ராப்பரான உங்களிடம் 5 ஆல்பத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. 50,000 டாலர் முன்பணம், வருமானத்தில் உங்களுக்கு 20 சதவீதப் பங்கு (ராயல்டி), கச்சேரி வருமானத்திலும் டி-ஷர்ட் விற்பனையிலும் அவர்களுக்கு ஒரு பங்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். லேபிள்காரர்கள் எல்லாருமே ராப்பர்களை ஏமாற்றுகிறவர்கள்தானா, பேசாமல் தனியாகவே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். "எல்லாருமேவா" என்பதற்குப் பதில் சொன்னால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: எதை விற்கிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு விற்கிறீர்கள், ஒத்துவராவிட்டால் வெளியே வர வழி இருக்கிறதா. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. லேபிள்கள் அனுப்பும் ராயல்டி கணக்குகளைக் கலைஞர்கள் சார்பில் சரிபார்ப்பது என் தொழில். பல வருடமாக இதே வேலை. அதனால் ஒப்பந்தம் கடைசியில் பணமாக எப்படி மாறுகிறது, அல்லது மாறாமல் போகிறது என்பது தெரியும். கீழே வரும் சட்டங்களும் வழக்குகளும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

20 சதவீதம் என்பதிலிருந்து தொடங்குவோம். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் அதுதான். லேபிளுக்கு 100 டாலர் வந்தால் உங்களுக்கு 20 டாலர் என்று நினைக்கிறீர்கள். முன்பணமும் செலவுகளும் கழிந்த பிறகுதான் அது உண்மை. அந்தக் கழிவு, மொத்த வருமானத்திலிருந்து நடப்பதில்லை, உங்கள் 20-லிருந்து நடக்கிறது. உங்கள் எண்களை வைத்தே, செலவுகளை மட்டும் நானாக உத்தேசித்து, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முன்பணம் 50,000. ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங் சேர்த்து 80,000. வீடியோக்களுக்கு 80,000, அதில் பாதி உங்கள் தலையில், 40,000. ரேடியோவில் பாட்டைத் தள்ளிவிடும் ஆளுக்கு 30,000. மொத்தம் 2 லட்சம் டாலர் உங்கள் பெயரில் பற்று. அந்த 20-க்குள்தான் பீட், அதாவது ராப்புக்கான பின்னணி இசை, போட்டவர்களுக்கான 3, 4 சதவீதமும் அடங்கும். ஒப்பந்தத்தில் "அனைத்தும் உட்பட" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஆக உங்களுக்கு மிஞ்சுவது 16. பதினாறு பதினாறாகச் சேர்த்து 2 லட்சத்தை அடைக்க லேபிளுக்கு 12.5 லட்சம் டாலர் வர வேண்டும்.

இப்போது லேபிள் பக்கம் போய் நின்று பாருங்கள். உங்கள் பேரில் எழுதிய 2 லட்சம், வீடியோவின் மீதிப் பாதி 40,000, விளம்பரத்துக்கு ஒரு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 4 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே அவர்களுக்குப் போட்ட முதல் திரும்பிவிடும். உங்கள் கணக்கு திறப்பதோ, அதாவது உங்களுக்கு ராயல்டி வரத் தொடங்குவதோ, 12.5 லட்சத்தில். அந்த இடத்தில் பீட்காரர்களின் 50,000-ஐயும் கொடுத்துவிட்டு லேபிள் கையில் 8 லட்சத்துக்கு மேல் இருக்கும். அதில் அவர்களுடைய அலுவலகச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் வந்திருப்பது அதே பழைய 50,000 தான், அதிலும் மேனேஜர் தன் 15, 20 சதவீதத்தை அன்றே எடுத்திருப்பார். யாரும் கணக்கில் திருடவில்லை. எல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்டபடியே நடந்திருக்கிறது. இன்னொன்று: கடனை முழுக்க அடைத்தது உங்கள் பங்குப் பணம், ஆனாலும் ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், லேபிளிடமே இருக்கும். எனக்கு இந்தத் தொழிலில் உண்மையிலேயே அநியாயமாகப் படுவது இது ஒன்றுதான். சதவீதம் குறைவு என்பதெல்லாம் பேரம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

லேபிள் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பணத்தை நீங்கள் கைக்காசிலிருந்து திருப்பித் தர வேண்டியதில்லை. ஆல்பம் ஓடாவிட்டால் நஷ்டம் அவர்களுடையது, பெரும்பாலான ஆல்பங்கள் ஓடுவதும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் பற்று அழியாமல் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் ஆல்பத்தில் அடையாத பாக்கியை இரண்டாவது ஆல்பத்தின் வருமானத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். சின்ன லேபிளாக இருந்தால் பாட்டு எழுதியதற்கான பப்ளிஷிங் பணத்தையும் அதே பானையில் போடப் பார்ப்பார்கள். இதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2021-ல் பெரிய லேபிளான சோனி, 2000-க்கு முன்பு ஒப்பந்தமான தகுதியுள்ள கலைஞர்களின் பழைய பாக்கியைக் கணக்கில் பார்க்காமல் ராயல்டி தர முன்வந்தது, அடுத்த வருடம் வார்னரும் யுனிவர்சலும் அதே வழிக்கு வந்தன. இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு பைசா பார்க்காமல் இருந்தவர்கள் அத்தனை பேர் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அடுத்து அந்த "5 ஆல்பம்". உங்கள் நண்பர்கள் இதற்கு வாழ்த்துச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 5 ஆல்பம் வெளியிடுகிறோம் என்று லேபிள் வாக்குக் கொடுப்பது அரிது. வழக்கமாக முதல் ஆல்பம் மட்டும் உறுதி, மீதி நான்கும் ஆப்ஷன், அந்த ஆப்ஷன் அவர்களுடையது. நீங்கள் ஓடினால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஓடாவிட்டால் விட்டுவிடுவார்கள். நீங்களாக விலக முடியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காலம் வருடத்தில் ஓடாது, ஆல்பத்தில் ஓடும். நீங்கள் கொடுத்ததை "வியாபார ரீதியில் திருப்தி இல்லை" என்று அவர்கள் ஏற்காவிட்டால் கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். ராப்பர் லில் வெய்ன் 2014 டிசம்பரில் வர வேண்டியிருந்த தன் ஆல்பம் வெளியாகவில்லை என்று 2015 ஜனவரியில் தன் லேபிளான கேஷ் மணி மீது 5.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஆல்பம் வெளிவந்தது 2018 செப்டம்பரில். அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை.

இந்தக் கேஷ் மணியின் பழைய கதை தெரிந்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1998-ல் யுனிவர்சலுடன் கைகோர்த்தபோது மாஸ்டர் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, சுயேச்சை லேபிள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் மெச்சும்படி ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்கள். பெரிய நிறுவனத்திடம் சுதந்திரம் வாங்கிய லேபிள், தன் கலைஞருக்கும் அதைத் தரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "நம்ம ஆளுங்க", "நம்ம ஏரியா லேபிள்" என்பதால் ஒப்பந்தம் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் மேஜைக்கு வந்தவற்றில் மிக மோசமானவை பெரும்பாலும் சின்ன லேபிள்கள் போட்டவைதான்.

ராப்பர் மேகன் தி ஸ்டாலியன் வழக்கு உங்களுக்கு ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் அதுவும் சின்ன லேபிள், அதிலும் கச்சேரிப் பங்கு இருந்தது. 2018-ல் ஹூஸ்டனின் 1501 சர்டிஃபைட் என்ற லேபிளுடன் கையெழுத்திட்டார். 2020 மார்ச்சில் அவர் போட்ட வழக்கின்படி, ஒலிப்பதிவு வருமானத்தில் 60 லேபிளுக்கு, 40 அவருக்கு, அந்த 40-க்குள்தான் பீட்காரர்கள் முதலானோரின் பங்கும். பப்ளிஷிங்கில் பாதி, கச்சேரியிலும் பொருள் விற்பனையிலும் 30 சதவீதம். இவை ஒரு தரப்பு நீதிமன்றத்தில் சொன்னவை. லேபிள் ஒப்பந்தம் நியாயமானதே என்றது. பெரிய லேபிள் தரும் 18 சதவீதத்தோடு வைத்துப் பார்த்தால் 40 என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன லேபிளுக்கும் மேலே இன்னொரு விநியோக நிறுவனம் இருக்கும், அது தன் பங்கை எடுத்த பிறகு வந்து சேருவதில்தான் உங்கள் 40. எதன் 40 என்று கேட்காமல் சந்தோஷப்படாதீர்கள். பிறகு 2022-ல் தகராறு வேறு இடத்துக்குப் போனது. அவர் 2021-ல் வெளியிட்ட ஒரு தொகுப்பு ஒப்பந்தக் கணக்கில் ஆல்பமா இல்லையா? ஆல்பம் என்றால் 45 நிமிடம் ஓட வேண்டும், ஓடுகிறது என்றார் அவர். புதிய பாடல்கள் 29 நிமிடம்தான், ஆகவே அது ஆல்பமே இல்லை என்றது லேபிள். ஒரு ஆல்பம் கூடுகிறதா குறைகிறதா என்பது அவருடைய விடுதலைத் தேதியையே மாற்றும். கடைசியில் 2023 அக்டோபரில் சமரசமாகிப் பிரிந்தார்கள். 2024-ல் அவர் வார்னருடன் விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டார், அதற்குப் பிறகு வரும் பாடல்களின் மாஸ்டர் அவருடையது.

கச்சேரியிலும் டி-ஷர்ட்டிலும் லேபிள் பங்கு கேட்பதைத் தொழிலில் "360" என்பார்கள். சிடி விற்பனை சரிந்த பிறகு வந்த பழக்கம். பங்கு கேட்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கச்சேரிக்கு அவர்கள் ஏதாவது செய்கிறார்களா என்பதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் பங்கை மொத்தத்தில் இல்லாமல் செலவு போன மிச்சத்தில் வையுங்கள், ஒப்பந்தம் முடியும் அன்றே அதுவும் முடியும்படி எழுதச் சொல்லுங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் காப்பாற்றும். கலிபோர்னியாவில் ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் 7 வருடத்துக்கு மேல் கட்டிவைக்க முடியாது. ஆனால் 1987-ல் இசைக் கலைஞர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு நுழைந்தது: போகலாம், கொடுக்காத ஆல்பங்களுக்காக லேபிள் நஷ்டஈடு கேட்கலாம். 2022-ல் அதை நீக்க எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துத் திரும்ப எடுக்கலாம், குறைந்தது 2 வருடம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். இது நிச்சயம். ஒலிப்பதிவுகளுக்கு இது எந்த அளவு செல்லும் என்பதுதான் சந்தேகம். ஏனென்றால் ஆல்பம் "கூலிக்குச் செய்த வேலை" என்று லேபிள்கள் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கின்றன, அப்படியானால் திரும்ப எடுக்கும் உரிமையே கிடையாது. 2024-ல் டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில் ஜூரி கலைஞர்கள் பக்கம் நின்றது நல்ல செய்திதான். அதை நம்பி இன்று கையெழுத்துப் போடுவது 35 வருடக் காத்திருப்பு.

நிகழ்காலத்தில் உங்களைக் காப்பது ஒப்பந்தத்தின் வரையறைப் பக்கங்கள், யாரும் படிக்காத அந்தக் கடைசிப் பக்கங்கள். ராப்பர் எமினெமை முதலில் கண்டெடுத்த எஃப்பிடி நிறுவனத்துக்கு, விற்ற ரெக்கார்டுக்கு 12 முதல் 20 சதவீதம், உரிமம் கொடுத்த மாஸ்டருக்கு 50 சதவீதம் என்று ஒப்பந்தம். ஐட்யூன்ஸ் வந்ததும் டவுன்லோட் விற்பனையா உரிமமா என்று சண்டை. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமமே, அதாவது 50 சதவீதம், என்றது. அடுத்த வருடம் ராப்பர் டாக்டர் ட்ரே இன்னும் ஒரு படி மேலே போனார்: டெத் ரோ லேபிளுடன் செய்த பழைய ஒப்பந்தம் டிஜிட்டலில் விற்கும் உரிமையைத் தரவே இல்லை என்று வென்று, தன் முதல் தனி ஆல்பத்தின் டிஜிட்டல் வருமானம் முழுவதும் தனக்கே என்று தீர்ப்பு வாங்கினார். இதைப் பார்த்து லேபிள்களும் பாடம் கற்றுக்கொண்டன. இப்போதைய ஒப்பந்தங்களில் "இன்று இருக்கிற, இனி கண்டுபிடிக்கப்படப்போகிற எல்லா வடிவத்திலும்" என்று இருக்கும். உங்கள் குரலை வைத்து ஏஐ செய்யும் பாட்டு அதற்குள் வருமா? வராது என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சரி, தனியாகப் போகலாமா? போனவர்கள் இருக்கிறார்கள். ராப்பர் மாஸ்டர் பி 1996-ல் பிரயாரிட்டி நிறுவனத்திடம் விநியோகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மாஸ்டரைத் தானே வைத்துக்கொண்டார். நிப்ஸி ஹஸல் 2013-ல் ஒரு மிக்ஸ்டேப்பை (பாடல் தொகுப்பை) இணையத்தில் இலவசமாகவும் விட்டு, 1,000 பிரதிகளை மட்டும் பிரதிக்கு 100 டாலர் என்று விற்றார். சான்ஸ் தி ராப்பர் லேபிள் இல்லாமலே 2017-ல் கிராமி வாங்கினார். இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சான்ஸின் அந்த ஆல்பத்தை இரண்டு வாரம் தன்னிடம் மட்டும் வைத்திருக்க ஆப்பிள் 5 லட்சம் டாலர் கொடுத்தது, அவரே சொன்னது. மேக்லமோர் சுயேச்சைக் கலைஞராக நம்பர் ஒன் தொட்டபோது விநியோகம் வார்னரின் விநியோகப் பிரிவான ஏடிஏ மூலம் நடந்தது. நிப்ஸியே தன் 2018 ஆல்பத்துக்கு அட்லாண்டிக் லேபிளுடன் கூட்டுச் சேர்ந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. நிறுவனமே இல்லாமல் இவர்களில் யாரும் பெரிதாகவில்லை, ஆனால் அவர்கள் நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தார்கள், சொத்தைக் கொடுக்கவில்லை. நான் சுயேச்சை என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன்.

உங்களிடம் இப்போது இருப்பது சொத்துதானா என்று முதலில் பாருங்கள். இது யாரும் கேட்காத கேள்வி. பீட்டை இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியிருந்தால் நீங்கள் வாங்கியது பீட் இல்லை, குத்தகை. இத்தனை ஸ்ட்ரீம் வரை, இத்தனை வருடம் வரை என்று அந்த உரிமத்தில் இருக்கும், அதே பீட்டை இன்னும் பல பேருக்கு விற்றிருப்பார்கள். பாட்டு ஓட ஆரம்பித்ததும் பீட்காரர் வந்து பேரம் பேசுவார், அப்போது விலை அவர் சொல்வதுதான். சாம்பிள், அதாவது பழைய பாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டு, இன்னும் மோசம். டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989 முதல் வந்த ஆரம்ப ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச்சில். பழைய சாம்பிள் அனுமதிகளும் லேபிளுடனான தகராறும் சேர்ந்து ஒரு தலைமுறைக்கே அந்தப் பாடல்களை மறைத்துவிட்டன. அதனால் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் ஒரே ஒரு தாள்: பாட்டின் பெயர், தேதி, யார் யார் எழுதினார்கள், ஆளுக்கு எத்தனை சதவீதம், மாஸ்டரில் யாருக்கு என்ன, எல்லார் கையெழுத்தும். கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். ஃபோனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்பார்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் நண்பர்களுக்குள்தான்.

அப்புறம், லேபிள் இல்லையென்றால் வசூல் உங்கள் வேலை. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்றவை பாட்டை ஏற்றி மாஸ்டர் பணத்தைத் தரும், அத்தோடு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு எழுதியதற்கான பணம் வேறு வழியில் வருகிறது: பொது ஒலிபரப்புக்கு ஆஸ்காப் அல்லது பிஎம்ஐ என்ற வசூல் அமைப்புகள், ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் பங்குக்கு, அதாவது பாட்டைப் பிரதியெடுப்பதற்கான தொகைக்கு, 2021 முதல் எம்எல்சி என்ற அமைப்பு. டிஜிட்டல் ரேடியோவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச், அது முதன்மைக் கலைஞரின் 45 சதவீதத்தை நேராக அவருக்கே அனுப்பும், லேபிளில் எவ்வளவு பற்று இருந்தாலும் சரி. பதிவு செய்யாதவர்களுக்குப் போகாது, அவ்வளவுதான். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்குப் பணம் இல்லை. தொடக்கத்தில் தனியாகப் போகிறவருக்கு வருமானம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வேறு வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் என் அபிப்பிராயம் இது. இப்போது இருக்கும் வடிவில் போடாதீர்கள், ஆனால் கதவைச் சாத்தவும் வேண்டாம். 5-ஐ ஒரு உறுதி, ஒரு ஆப்ஷன் என்று குறைக்கக் கேளுங்கள். மாஸ்டரை எழுதிக்கொடுக்காமல் 7 அல்லது 10 வருட உரிமமாகத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்; இப்போது அது அபூர்வமான கோரிக்கை இல்லை. கொடுத்த ஆல்பத்தை இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்ப வேண்டும். உங்கள் கணக்கில் எழுதும் எந்தச் செலவுக்கும் ஒரு உச்சவரம்பு, அதைத் தாண்டினால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம். கணக்கைச் சரிபார்க்கும் உரிமை, குறைந்தது 3 வருடம். எல்லாவற்றையும் தரமாட்டார்கள். உரிமம், உச்சவரம்பு இரண்டில் ஒன்றாவது தராவிட்டால் நான் போகமாட்டேன், உங்கள் கையில் எத்தனை கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

வெள்ளிக்கிழமைக் கெடு பற்றி: "எனக்குச் சுயேச்சையான வக்கீலிடம் ஆலோசிக்க வாய்ப்புக் கிடைத்தது" என்று கடைசிப் பக்கத்தில் அநேகமாக ஒரு வரி இருக்கும். நீங்கள் யாரையும் பார்க்காவிட்டாலும் கையெழுத்துப் போட்டால் பார்த்ததாகவே ஆகிவிடும். அந்த வரியைக் காட்டியே, வக்கீலிடம் காட்ட இரண்டு வாரம் வேண்டும் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வக்கீல் இசை ஒப்பந்தங்கள் பார்ப்பவராக இருக்கட்டும், லேபிள் சிபாரிசு செய்கிறவராக இருக்க வேண்டாம். அவரிடம் கொடுக்கும்போது வரையறைப் பக்கங்கள், ஆப்ஷன் ஷரத்து, செலவுக் கழிவு ஷரத்து மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், தொகைகளை மறைத்துவிட்டு அந்தக் கழிவு ஷரத்தை மட்டும் இங்கே போட்டால் உங்கள் கணக்கு எந்த எண்ணில் திறக்கும் என்று நானே போட்டுச் சொல்கிறேன்.